வசனம் இல்லாத வேஷம்

நான் செத்துக் கொஞ்ச நேரம் ஆகிறது. விளக்கு வரும்போதே செத்துக் கிடக்க வேண்டும் என்று பெனிட்டா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சாகிற காட்சியெல்லாம் கிடையாது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதை டிவியில் பார்த்துக்கொள்ளுங்கள் சார் என்றாள். அதனால் இருட்டிலேயே நடந்து வந்து, இருட்டிலேயே பெஞ்சில் படுத்து, கண்ணை மூடிக்கொண்டேன். மேடை விளக்கு போட்டுவிட்டார்கள் என்பது இமை சூடானபோதுதான் தெரிந்தது. தலைமாட்டில் ஒரு குத்துவிளக்கு, ஊதுபத்திக் கட்டு, நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு, முகத்தில் அப்பிய பவுடர், தாடையைச் சுற்றி உச்சந்தலையில் முடிந்த வெள்ளைத் துணி. கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிறது. சும்மா சுற்றி வைத்தால் போதாதா அம்மா என்று கேட்டதற்கு, "கட்டுனாத்தான் சார் அது கட்டுன காலு மாதிரி கெடக்கும்" என்றாள் பெனிட்டா. இருபத்தாறு வயசுப் பெண், ஒரு டயர் ஷோரூமில் பில் போடுகிறாள், மிச்ச நேரத்தில் நாடகம் எழுதுகிறாள், என்னைக் கட்டிப் போட்டாள். அவள் சொன்னதும் சரிதான். கட்டிய நிமிஷத்திலிருந்து அந்தக் கால் என்னுடையது மாதிரி இல்லை. வீடு வீடாக ஏறி இறங்கி மீட்டர் பார்த்த கால், மின்வாரியத்துக்காக மதுரையின் அத்தனை சந்துகளையும் மிதித்த கால், இப்போது எங்கேயோ தூரத்தில் யாருடைய காலோ கிடக்கிற மாதிரி கிடக்கிறது. அரிக்கிறது. அரிக்கட்டும், பிணத்துக்கு அரிப்பு கிடையாது. மூச்சை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். வயிறு எழும்பாமல், மார்பு அசையாமல், மூக்கு நுனியில் மட்டும் உள்ளே வெளியே. யாராவது என் மேல் குனிந்தால் அதுவும் கிடையாது, நிறுத்திவிட வேண்டும். இதில் நான் தேறிவிட்டேன். ஒத்திகையில் என் மனைவியாக நடிக்கிற உமையாள் குனிந்து முகத்துக்கு முகம் அழும்போதெல்லாம் என் மூச்சு தானாகவே நின்றுவிடும், நான் சொல்லவே வேண்டாம், நாய்க்குட்டி பழகுகிற மாதிரி பழகிவிட்டது.

இந்த வயசில் எனக்கு ஏன் இந்த வேலை என்று என் பெண்டாட்டி தெய்வானை கேட்டாள். கேட்டால் என்ன சொல்வது. போன ஐப்பசியில் நான் விழுந்த பிறகு டாக்டர் நடக்கச் சொன்னார், நடந்தேன், நடந்த தெருவில் ஒரு பாத்திரக்கடை, பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் ஒரு கூடம், அங்கே மாதத்தில் ஒரு சனிக்கிழமை புதுசாக எழுதுகிறவர்களின் குறுநாடகங்கள் என்று ஒரு தட்டி தொங்கியது. கால் வலித்தது, உட்கார நாற்காலி கிடைக்குமே என்று ஏறினேன், அவ்வளவுதான் என் கலை ஆர்வம். அன்றைக்கு ஒரு பையன் எழுதிய நாடகம். இரண்டு பேர் ஒரு பீரோவை வீட்டுக்குள் கொண்டுபோகப் பார்க்கிறார்கள், அது வாசலில் நுழையவில்லை. சாய்க்கிறார்கள், திருப்புகிறார்கள், ஒருத்தனை ஒருத்தன் திட்டுகிறார்கள், நடுவில் ஒருத்தன் தன் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி நிறுத்திக்கொள்கிறான், மறுபடி பீரோ. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். பீரோ பாதி வாசலில் நிற்கும்போதே விளக்கை அணைத்துவிட்டார்கள். முடிந்ததும் பார்த்தவர்கள் பேசலாம் என்றார்கள், நான் எழுந்து, "தம்பி, கடைசில பீரோ உள்ள போச்சா இல்லையா?" என்று கேட்டேன். கூடமே சிரித்தது. அந்தப் பையன் சிரிக்கவில்லை. "தெரியல சார், நானும் அதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றான். வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை. எழுதினவனுக்கே தெரியாததை எனக்கு எதற்குக் காட்டினான் என்று முதலில் கோபம், அப்புறம் அந்த அம்மாவைப் பற்றிய ஒரு வார்த்தை, அது என்ன வார்த்தை, ஏன் நிறுத்தினான். அடுத்த மாதம் முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். சபா நாடகம், மூன்று மணி நேர நாடகம் எல்லாம் பார்த்தவன்தான் நான், அதில் எல்லாவற்றையும் அவர்களே சொல்லிவிடுவார்கள், நமக்கு முறுக்கு தின்கிற வேலைதான். இது கால் மணி நேரம். உட்கார்ந்து சாய்வதற்குள் முடிந்துவிடும், முடிந்த பிறகுதான் ஆரம்பிக்கும். எனக்கு அந்த இடம் பிடித்துப்போனது, விளக்கு அணைந்து கைதட்டல் வருவதற்கு முன்னால் ஒரு மௌனம் வரும் பாருங்கள், எல்லோரும் ஒரே மூச்சை வைத்துக்கொண்டிருக்கிற மாதிரி, அதற்காகத்தான் போனேன். ஒருநாள் பெனிட்டா வந்து, "சார், நீங்க நல்லா கேக்குறீங்க. என் அடுத்த நாடகத்துல பொணமா நடிங்களேன், பொணத்துக்கு அதான் வேணும்" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. மாலையிலும் மரியாதையிலும் வராத பெருமை அது, வெட்கமாகக்கூட இருந்தது.

இப்போது மூத்த மகன் போனில் வழி சொல்கிறான். "ரவுண்டானா தாண்டி லெப்ட்டு, ஒரு பேக்கரி வரும், அதுக்கு எதுத்தாப்ல, வாசல்ல சேர் போட்டுருப்பாய்ங்க, தெரிஞ்சுரும்." இளையவன், "பாடிய எப்ப எடுக்குறோம்னு மாமா கேக்குறாரு" என்கிறான். பாடி. காலையில் அப்பாவாக இருந்தவர் பாடி. நாடகத்தின் பெயரே 'எப்ப எடுக்குறீங்க' என்பதுதான். வருகிறவர், போகிறவர், போனில் கூப்பிடுகிறவர் எல்லோரும் அதையே கேட்கிறார்கள். கத்தாரில் இருக்கிற மகள் வர வேண்டும், விமானம் தாமதம், அதுவரை இந்தக் குடும்பம் காத்திருக்கிறது, காத்திருக்கிற நேரத்தில் மிக்ஸி எங்கே, மாத்திரைச் சீட்டு எங்கே, காபிக்குப் பால் பத்துமா என்று பேசிக்கொள்கிறது. யாரும் ஒருவர் மேல் ஒருவர் பாயவில்லை, பழைய ரகசியம் ஒன்றும் உடையவில்லை. முதலில் படித்தபோது இதில் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். படுத்துக்கொண்டு கேட்டால் வேறு. படுத்துக்கொண்டு கேட்டால் ஒவ்வொரு சாதாரணப் பேச்சும் மேலேயிருந்து விழுகிறது. பால் பத்துமா என்று ஒருத்தன் கேட்கும்போது, நீ குடிக்க மாட்டாய் என்பது அதற்குள் இருக்கிறது. இப்படி எழுத இந்தப் பெண்ணுக்கு யார் சொல்லிக் கொடுத்தது, இவள் வீட்டில் யார் செத்தார்கள், கேட்டதற்கு யாருமில்லை சார், எல்லாரும் நல்லா இருக்காங்க என்றாள், கேட்டு எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. விதவையாக நடிக்கிற உமையாளுக்கு ஏறக்குறைய வசனமே கிடையாது. சாப்ட்டீங்களா, சாப்ட்டீங்களா என்று எல்லோரையும் கேட்பாள். கடைசியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது என்ன என்று பெனிட்டா எழுதவில்லை. அன்றைக்கு வாயில் வருவதைச் சொல்லுங்கள் அக்கா, வராவிட்டால் வருகிற வரைக்கும் இருங்கள் என்று விட்டுவிட்டாள். ஒத்திகையில் ஒருநாள் உமையாள், "போர்வை எடுத்துட்டு வரவா?" என்றாள். செத்துக் கிடந்த நான் சரி என்று சொல்லப் பார்த்தேன்.

ஐஸ் பெட்டிதான் முதலில் வேண்டும் என்றாள் பெனிட்டா. இப்போதெல்லாம் எந்த வீட்டில் பெஞ்சில் கிடத்துகிறார்கள், கண்ணாடி மூடிய ஃப்ரீசர் பெட்டிதானே. வாடகைக்கு விடுகிற ஆளிடம் நான்தான் அவளோடு போனேன், எனக்குத் தெரிந்த ஆள், அவர் வீட்டு மீட்டரும் நான் பார்த்ததுதான். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "நாடகத்துக்கெல்லாம் தர மாட்டேன் சார். இந்தப் பெட்டி ஒரு எடத்துக்குப் போனா சும்மா திரும்பக் கூடாது. திரும்புனா ஆகாது." என்ன ஆகாது என்று கேட்டேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார், தலையிலிருந்து கால்வரை, அளவு பார்க்கிற மாதிரி, தொழில் பழக்கம், வேறொன்றும் இருக்காது. பெனிட்டா படி இறங்கும்போது சிரித்துக்கொண்டே வந்தாள், நானும் சிரித்தேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தெய்வானையிடம் இதைச் சொல்ல முடியுமா. சொன்னால் ஐஸ் பெட்டி எதற்கு என்பாள், பிறகு பெஞ்சு எதற்கு என்பாள். ஐப்பசியில் நான் குளியலறை வாசலில் விழுந்து கிடந்ததைப் பார்த்தவள் அவள். எனக்கு அது ஒன்றும் தெரியாது, விழுந்தவனுக்கு விழுந்ததோடு சரி. அவள்தான் புரட்டிப் போட்டாள், அவள்தான் தெருவுக்கு ஓடி ஆட்டோ பிடித்தாள், ஆட்டோக்காரனும் அவளுமாகத் தூக்கிப் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்தபோது அவள் ரவிக்கை முழுக்க ஈரம், என் வேர்வை. உடம்பில் அவ்வளவு தண்ணீர் இருக்குமா என்று கேட்டாள். டாக்டர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவளிடம்தான் சொன்னார், காரணமில்லாமல் வேர்த்தால், இடது பக்கம் வலி என்றால் யோசிக்காதீர்கள், அள்ளிப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று. அன்றையிலிருந்து நான் வேர்க்கக் கூடாது. மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு அவள் புழுங்கிக் கிடப்பாள். பங்குனி வெயிலில் கடைக்குப் போய்விட்டு வந்தால் வாசலிலேயே நிறுத்திக் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பாள், எனக்கு எரிச்சலாக வரும், பாவமாகவும் இருக்கும். அப்படிப்பட்டவளிடம் போய் நான் பொணமாக நடிக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது. ஒரு பெரியவர் வேஷம், வசனம் கம்மி என்றேன். பொய்யும் இல்லை. "வசனம் கம்மின்னா பரவாயில்ல, மூச்சு வாங்காது" என்றாள். பார்க்க வருகிறாயா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன், அன்றைக்குத் தன் சிநேகிதி செண்பகத்தின் மகளுக்கு வளைகாப்பு என்றாள். எனக்கு உள்ளே குளிர்ந்தது.

யாரோ கனைக்கிறார்கள். நாற்காலி இழுபடுகிறது. தாமதமாக வருகிறவர்களைப் பின்கதவு வழியாக விடாதீர்கள் என்று பெனிட்டா எத்தனை தடவை சொன்னாள். "இங்கிட்டு வா, இங்கன ரெண்டு சேர் கெடக்கு." செண்பகத்தின் குரல் மாதிரி இருக்கிறது. இருக்காது. செண்பகம் மகள் வளைகாப்பில் இருக்கிறாள், வளையல் போட்டு, ஏழு வகைச் சோறு கிளறி, எல்லோரையும் அனுப்பிவிட்டு... சாயங்காலமே முடிந்திருக்குமோ. வளைகாப்பு மதியமே முடிந்துவிடும். இது எனக்கு ஏன் தோன்றாமல் போனது. பெண்டாட்டி எத்தனை வளைகாப்புக்குப் போய் நாலு மணிக்கே வீடு திரும்பியிருக்கிறாள், நானே பூட்டைத் திறந்து விட்டிருக்கிறேன். இல்லை, இது வேறு யாரோ செண்பகம். "பேன் கீழ ஒக்காரு, ஒனக்கு ஒத்துக்காது." "இருக்கட்டும்டி, இங்கனயே தெரியுது." அது தெய்வானை. கண்ணாடி வளையல் நிறையக் குலுங்குகிறது, வளைகாப்பில் போட்டுவிட்டிருப்பார்கள். இரண்டாம் வரிசை, அல்லது முதல் வரிசை, சின்னக் கூடம், கையை நீட்டினால் எட்டுகிற தூரம். என் மூக்கு நுனி மூச்சு தடுக்குகிறது. அசையாதே. அவளுக்குத் தெரியாது. முகத்தில் பவுடர், தாடையில் துணி, பாதி முகம் மூடிக் கிடக்கிறது, கூட்டமாக நான்கு பேர் முன்னால் நிற்கிறார்கள், அவள் ஒரு பெரியவரைத் தேடிக்கொண்டிருப்பாள், வேட்டி கட்டிக்கொண்டு வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிற பெரியவரை. அதேதான், "ஏண்டி, இவரு எப்ப வருவாரு?" என்று கேட்கிறாள். மெதுவாகத்தான் கேட்கிறாள், தெருவுக்கே கேட்கும். "வருவாரு, பேசாம பாரு, பொணம் கெடக்கு, இப்பத்தான சொந்தக்காரக எல்லாம் வருவாக." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, செத்தேன், சிரித்தால் நிஜமாகவே செத்தேன். சிரிப்பை விழுங்கியதும் அதன் அடியில் இருந்தது மேலே வருகிறது. பயம். இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது. போன் காட்சி, வாடகை நாற்காலிக்காரன் காட்சி, அப்புறம் உமையாளின் மௌனம். அதுவரைக்கும் இவள் பெரியவரையே தேடிக்கொண்டிருக்க வேண்டும். மீனாட்சி, இவளுக்கு இன்று மட்டும் கொஞ்சம் கண் மங்கலாக இருக்கட்டும்.

இளையவன் வருகிறான். "அப்பா போன் லாக் தொறக்க மாட்டேங்குது. அத்தை நம்பர் அதுலதான இருக்கு." "பாஸ்வேர்டு?" "அப்பா வெரல்தான்." இந்த இடம். இந்த இடத்தை எழுதியதற்காகவே இந்தப் பெண்ணைக் கும்பிடலாம் என்று ஒத்திகையில் நினைத்தவன் நான். இளையவன் என் இடது கையைத் தூக்குகிறான், கட்டைவிரலைப் பிடித்து போனில் அழுத்துகிறான், கூடம் சிரிக்கிறது. திறக்கவில்லை. சட்டையில் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி அழுத்துகிறான். சிரிப்பு குறைகிறது. மூன்றாவது தடவை அழுத்தும்போது ஒருத்தரும் சிரிக்கவில்லை, சிரித்ததற்காக எல்லோருக்கும் ஒரு கூச்சம் வருகிறதே, அது எனக்குத் தோலில் தெரிகிறது. ஆனால் இன்றைக்கு எனக்கு அது முக்கியமில்லை. கை தூக்கியிருக்கிறது. மணிக்கட்டு வெளியே தெரிகிறது. மணிக்கட்டில் பாண்டி கோயில் கருப்புக் கயிறு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் அவளே கட்டியது, நுனியை அவளே பல்லால் கடித்தது. கழற்றச் சொல்லி பெனிட்டா கேட்டாள், நான்தான் மாட்டேன் என்றேன். வளையல் சத்தம் நின்றுவிட்டது. அவ்வளவு நேரம் குலுங்கிக்கொண்டே இருந்த வளையல். "என்னாடி?" என்கிறாள் செண்பகம். இளையவன் கையைக் கீழே வைத்துவிட்டுப் போகிறான், சரியாக வைக்கவில்லை, பெஞ்சு விளிம்பில் தொங்குகிறது. தெய்வானை பார்க்கிறாள். அவள் பார்ப்பது எனக்குத் தெரிகிறது, எப்படி என்று கேட்டால் சொல்ல முடியாது, முப்பத்து நாலு வருஷம் ஒரே வீட்டில் இருந்தால் தெரியும். எழுந்துவிடலாமா. எழுந்து உட்கார்ந்து, ஒண்ணுமில்ல தெய்வு, நாடகம் என்று சொல்லிவிடலாமா. தாடை கட்டியிருக்கிறது, சொல்லவும் வராது. சொன்னால் பெனிட்டாவின் நாடகம் போயிற்று. பெரிய நாடகமென்றால் நடுவில் ஒரு தடவை வழுக்கினாலும் எழுந்து நடந்துவிடும், இது கால் மணி நேரம், வழுக்கினால் அவ்வளவுதான், அப்புறம் அந்தப் பெண் திங்கட்கிழமை போய் டயருக்குப் பில் போட வேண்டியதுதான். இன்னும் கொஞ்சம்தான் தெய்வு. உட்கார். இது நாடகம் என்று தெரிந்துதானே டிக்கெட் கிழித்துக்கொண்டு வந்தாய். முகத்தில் என்னமோ ஊர்கிறது. ஈயா. ஈ இல்லை. நெற்றியிலிருந்து காதுப் பக்கமாக, காசைச் சுற்றிக்கொண்டு, ஒரு கோடு. வேர்க்கிறது.

விளக்குச் சூடு. அதுதான். தலைக்கு மேல் அவ்வளவு பெரிய விளக்கு, தலைமாட்டில் குத்துவிளக்கு, யாராக இருந்தாலும் வேர்க்கும், ஒத்திகையில் இந்த விளக்கெல்லாம் இல்லை. பவுடர் கரைந்து கழுத்தில் வழிகிறது. இடது தோள் வலிக்கிறது, பெஞ்சுப் பலகை, அசையாமல் படுத்தது. மதியம் இரண்டு வடை தின்றேன், நெஞ்சில் நிற்கிறது, வாயு. வாயுதான். போன தடவையும் வாயு என்றுதான் நினைத்தேன் என்பதை இப்போது நினைக்கக் கூடாது. வேறு எதையாவது நினைக்கலாம், பீரோவை நினைக்கலாம், சாய்த்து, திருப்பி, மேல் மூலையை முதலில் விட்டு, இல்லை, நுழையாது, அது நுழையவே நுழையாது. போன நாடகத்தை நினைக்கலாம். பெனிட்டாவின் போன நாடகத்தில் மூன்றாவது வரிசையிலிருந்து ஒருத்தர் எழுந்து மேடையில் இருப்பவர்களோடு சண்டைக்குப் போய்விட்டார், நாங்கள் எல்லோரும் அவரைப் பிடித்து உட்கார வைத்துச் சமாதானம் சொன்னோம், தண்ணீர் கொடுத்தோம், நான்கூட அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன், கடைசியில் பார்த்தால் அவரும் நடிகர். முடிந்ததும் கூடம் வெடித்துவிட்டது, அப்படி ஒரு கைதட்டல். எத்தனை மாசம் அதையே பேசினோம். உமையாள் வந்து உட்கார்கிறாள். எல்லோரும் போய்விட்டார்கள், நானும் அவளும்தான். மௌனம் தொடங்கிவிட்டது. சொல்லிவிடு உமையாள். இன்றைக்கு மட்டும் காத்திருக்காமல் ஏதாவது சொல்லி முடித்துவிடு. போர்வை என்று சொல், சாப்பாடு என்று சொல், பெனிட்டா கோபித்துக்கொண்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். அவள் சொல்ல மாட்டேன் என்கிறாள். நன்றாக நடிக்கிறாள், வருகிற வரைக்கும் இருக்கிறாள். நாற்காலி ஒன்று பின்னால் தள்ளப்படுகிறது. "எங்க போற, ஏய், உக்காரு" என்று செண்பகம் கிசுகிசுக்கிறாள். வளையல் சத்தம், நடந்து வருகிற வளையல் சத்தம். மேடை என்று தனியாக உயரம் எதுவும் இல்லை, ஏற வேண்டியதில்லை, தரையில் ஒட்டிய வெள்ளை நாடாவைத் தாண்டினால் மேடை. யாராவது அவளைப் பிடித்து உட்கார வையுங்கள். ஒருத்தரும் பிடிக்கவில்லை. போன தடவை ஏமாந்தவர்கள் எல்லோரும் இந்தத் தடவை உஷாராக இருக்கிறார்கள். யாரோ ஒருவர் மகிழ்ச்சியாக மூச்சை இழுப்பதுகூடக் கேட்கிறது. நாடாவைத் தாண்டிவிட்டாள்.

உமையாளின் சேலை சரசரத்துப் பின்னால் போகிறது. அவளுக்குத் தெரியும் இது நாடகத்தில் இல்லை என்று, தெரிந்தும் விலகி இடம் விடுகிறாள், நல்ல நடிகை, வந்ததை உள்ளே எடுத்துக்கொள்கிறாள். சந்தனம் மணக்கிறது, வளைகாப்புச் சந்தனம், அதற்கடியில் தெய்வானையின் தைல வாசம். தொங்குகிற கையைத் தொடுகிறாள், கயிற்றைத் திருப்பிப் பார்க்கிறாள். கழுத்தைத் தொடுகிறாள். ஈரம். என்னங்க என்கிறாள். "என்னங்க, வேர்த்துருக்கு." குனிகிறாள், நிழல் என் இமை மேல் விழுந்து சூடு குறைகிறது, விரல் வருகிறது, மூக்குக்குக் கீழே, அவளுடைய ஆள்காட்டி விரல். என் மூச்சு நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை, அதுவே நின்றது, குனிந்தால் நிற்கிற மாதிரி பழக்கி வைத்திருக்கிறேனே, ஒத்திகை ஒத்திகையாக. விடு, மடையா, மூச்சை விடு. விடப் போகிற அந்த நேரத்தில் கூடம் எனக்குக் கேட்கிறது. அப்படி ஒரு மௌனத்தை இந்த மாடியில் நான் கேட்டதே இல்லை. எந்த நாடகத்துக்கும் வராதது, விளக்கு அணைக்காமலே வந்துவிட்டது, ஒரு நாற்காலிகூட முனகவில்லை, அத்தனை பேரும் என் ஒரு மூச்சை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் ஒரு நொடி என்று இருந்துவிட்டேன். அந்த நொடி நானாக இருந்ததுதான், பழக்கத்தின் மேல் பழி போட முடியாது, எனக்கு அது வேண்டியிருந்தது. பிறகு விட்டேன், வேகமாக, சத்தமாகவே விட்டேன். விரல் அங்கே இல்லை.

"மூச்சு இல்ல" என்கிறாள் தெய்வானை. அழுகையே இல்லை, கடையில் சாமான் இல்லை என்று சொல்கிற குரல். கண்ணைத் திறக்கிறேன். வெளிச்சம் ஊசியாகக் குத்துகிறது. அவள் முதுகுதான் தெரிகிறது, என்னைப் பார்க்காமல் கூடத்தைப் பார்த்துத் திரும்பி நிற்கிறாள், பட்டுச் சேலையில் முதுகு முழுக்கச் சந்தனத் தீற்றல். வாயைத் திறக்கப் பார்க்கிறேன், தாடைத் துணி இறுக்குகிறது, ம்ம் என்று ஒரு சத்தம் தொண்டையிலேயே நிற்கிறது. கால் கட்டியிருக்கிறது. கையை நீட்டி அவள் சேலையைப் பிடித்து இழுத்தால் போதும், அவள் பக்கமாக இருப்பது இடது கை. இடது கை எழவில்லை. தொங்கிக் கிடந்து மரத்துப் போயிருக்கும், வேறொன்றும் இருக்காது, மறுபடி சொல்கிறேன், எழுந்திரு என்கிறேன், எழவில்லை. நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். தெய்வு, இந்தா, இங்கே பார். அவள் கூட்டத்தைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டுகிறாள். "யாராச்சும் ஒரு ஆட்டோ கூப்புடுங்கய்யா" என்கிறாள். ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் ஓடவில்லை. பிறகு மூன்றாவது வரிசையில் ஒருத்தர் தட்டுகிறார், உடனே எல்லோரும். "ஆட்டோ கூப்புடுங்கய்யா, சீக்கிரம்" என்று அவள் கத்துகிறாள், கத்தக் கத்தக் கைதட்டல் பெரிசாகிறது. ஓரத்தில் பெனிட்டா நிற்கிறாள், கையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணெல்லாம் தண்ணீர், நாடகத்தை நம்பி யாரோ எழுந்து வந்துவிட்டார்கள் என்ற சந்தோஷத்தில் அழுகிறாள். ஒவ்வொரு வரிசையாக எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள்.